சர்வீஸுக்குக் காத்திருப்பதா, சோலார் போடுவதா, ஆயில் இன்ஜினே போதுமா?

நிலம் இருக்கிறது, கிணறோ போரோ (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, மின் இணைப்பு மட்டும் இல்லை. விண்ணப்பம் போட்டு வருடங்கள் ஓடிவிட்டன. சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் தருகிறார்கள், ஆனால் அதை எடுத்தால் இலவச சர்வீஸ் (மின்வாரியத்தின் விவசாய மின் இணைப்பு) கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதுவரை பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வாங்கியோ ஆயில் இன்ஜின் ஓட்டியோ காலம் தள்ளுகிறோம், என்ன செய்யலாம்? வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கொங்குப் பகுதிப் பல்லடத்திலிருந்து கேட்பவருக்கும் டெல்டாவின் பேராவூரணியிலிருந்து கேட்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே சர்வீஸ் இருந்து, மோட்டார் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பெரிதாக வேலை இல்லை. புதிதாக முடிவெடுக்க வேண்டியவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

## முதலில் அளக்க வேண்டியவை

பெரும்பாலானோர் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கிணறு. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மோட்டார் ஓடும்போது எத்தனை அடிக்கு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்ற மூன்றும் தெரியாமல் எந்த மோட்டாரும் வாங்கக் கூடாது. அதுவும் சித்திரை, வைகாசியில் அளந்த கணக்காக இருக்க வேண்டும். மார்கழியில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

ஆழம். இதன் கணக்கு எளிது. 5 ஹெச்.பி. சோலார் பம்ப்செட்டுக்கு வைக்கும் பேனல்களின் திறன் 4.8 கிலோவாட் அளவில் இருக்கும். தமிழ்நாட்டு வெயிலில் அது நல்ல நாளில் சுமார் 20 யூனிட் தரும். கேபிள், கண்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), மோட்டார், பம்பு எல்லாம் தின்றது போகப் பாதிதான் தண்ணீரைத் தூக்கும் வேலைக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து யூனிட்டில் 100 அடியிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் வரை ஏற்றலாம். 200 அடி என்றால் அறுபதாயிரம், 500 அடி என்றால் இருபத்துநாலாயிரம், 1,000 அடி என்றால் வெறும் பன்னிரண்டாயிரம் லிட்டர். விற்பனைக்கு வருபவர் காட்டும் தாளில் முதல் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

போரின் ஆழமும் தண்ணீர் ஏற்ற வேண்டிய உயரமும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். 800 அடி போரில் தண்ணீர் 250 அடியிலேயே நின்று, ஓட்டும்போதும் 300 அடிக்குக் கீழே போகவில்லை என்றால் உங்கள் கணக்கு 300 அடிதான். குழாயின் உராய்வும், தொட்டி மேட்டில் இருந்தால் அந்த உயரமும் இதோடு சேரும்.

பயிருக்கு எவ்வளவு தண்ணீர். நெல்லுக்குப் பருவம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு அது 48 லட்சம் லிட்டரைத் தாண்டும். மழை கைகொடுக்காத நாளில் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் இறைத்தாக வேண்டும். தென்னையை 25 அடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் கோடையிலும் மரத்துக்கு நூறு லிட்டர் தாராளம். ஏழாயிரம் லிட்டரில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். வாழை இரண்டுக்கும் நடுவில்: ஆயிரம் கன்றுக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 15,000 முதல் 20,000 லிட்டர்.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 200 அடியில் தண்ணீர் உள்ளவர் 5 ஹெச்.பி. சோலாரை வைத்து ஒன்றரை ஏக்கர் நெல்லைத்தான் காப்பாற்ற முடியும். அதே தண்ணீர் எட்டு ஏக்கர் தென்னைக்குப் போதும். ‘சோலார் இழுக்குமா’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

எப்போது தண்ணீர் வேண்டும். சொட்டுநீருக்குப் பகலில் மெதுவாக வந்தால் போதும். வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் கடைமடை வரை ஓட வேண்டும் என்றால் கனமான ஓட்டம் வேண்டும். மெல்லிய ஓட்டம் பாதி வழியிலேயே மண்ணுக்குள் போய்விடும்.

பணம். முதலில் கட்டுவது ஒன்று. மாதாமாதம் போவது இன்னொன்று. கெட்டுப்போனால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்பது மூன்றாவது. காய்கறி போட்டவருக்கு இந்த மூன்றாவதுதான் முதல் கவலை. கத்தரியோ தக்காளியோ கோடையில் ஐந்து நாள் தண்ணீர் இல்லாமல் நின்றால், மிச்சம் பிடித்த டீசல் காசெல்லாம் அதிலேயே போய்விடும்.

நிலத்தடி நீர். இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சேர்க்கிறேன். 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (பிர்க்கா) 435 அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதிகள். இறைக்கக் காசு செலவில்லை என்றால் மோட்டாரை நிறுத்த மனம் வராது. இலவச மின்சாரத்துக்கும் சோலாருக்கும் இந்தக் குறை பொது. ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் கை நடுங்குவது ஆயில் இன்ஜின்காரருக்கு மட்டும்தான்.

## மின்வாரிய இணைப்பு

தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. பயன்படுத்தும் மின்சாரத்துக்கு உழவர் கட்டணம் செலுத்துவதில்லை. அரசு மின்வாரியத்துக்கு ஈடு செய்கிறது. இந்த உரிமை சும்மா வந்ததில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூனில் பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்தில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டுவண்டிகள் முற்றுகையிட்டன. கொங்குப் பகுதிப் பெரியவர்கள் சர்வீஸ் நம்பரைப் பட்டா போலப் பாதுகாப்பதைச் சிலர் பிடிவாதம் என்கிறார்கள். அந்த வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பலம் என்னவென்றால் திறன். 1,000 அடி போருக்கு 15 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் இறக்க வேண்டும் என்றால் இன்றைக்கு இதைவிட்டால் நடைமுறையில் வேறு வழி கிடையாது. பழைய கணக்குப்படி பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் மும்முனை மின்சாரம் கிடைத்தாலே, அதே 5 ஹெச்.பி. மோட்டார் சோலாரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தண்ணீர் இறைத்துவிடும். இப்போது பல இடங்களில் அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மேகமூட்டமோ மாலை நேரமோ இதற்குக் கணக்கில்லை. நிலத்தை விற்கப் போனாலும் சர்வீஸ் உள்ள தோட்டத்துக்குத் தனி விலை.

பலவீனம் வரிசை. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டு மேலும் 50,000 அறிவித்தது. அப்போது நெடுநாள் காத்திருந்த பலருக்குக் கிடைத்தது. ஆனால் இப்படிப்பட்ட அறிவிப்பு எந்த ஆண்டு வரும் என்று கணக்குப் போட்டுத் தென்னங்கன்று நட முடியாது. பணம் கட்டி வரிசையில் முந்துவதற்குத் தட்கல் என்ற பிரிவு இருக்கிறது. அதில் வைக்கப்பட்ட கட்டணம் 5 ஹெச்.பி.க்கு இரண்டரை லட்சம், 7.5க்கு இரண்டே முக்கால் லட்சம், 10க்கு மூன்று லட்சம், 15க்கு நான்கு லட்சம் ரூபாய். தட்கல் எப்போதும் திறந்திருப்பதில்லை. அறிவிக்கும்போது ஆவணங்கள் கையில் தயாராக இருந்தவர்களே பயன்பெறுகிறார்கள். சிட்டா, அடங்கல், புல வரைபடம், கிணறு உங்கள் பெயரில் இருப்பதற்கான கிராம நிர்வாக அலுவலரின் சான்று, கூட்டுக் கிணறாக இருந்தால் பங்காளிகளின் சம்மதம் ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள்.

‘இலவசம்’ என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் செலவுகளையும் பார்க்க வேண்டும். கடைசிக் கம்பத்தில் இருக்கும் தோட்டத்துக்கு வோல்டேஜ் குறையும். குறைந்த வோல்டேஜில் ஓட்டினால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) எரியும். ஆழமான போரில் மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் கூலியைவிட, குழாயோடு தூக்கி இறக்க வரும் வண்டியின் வாடகையும் ஆள் கூலியும்தான் கடிக்கும். டிரான்ஸ்பார்மர் பழுதானால் அதை நம்பியிருக்கும் அத்தனை தோட்டமும் காத்திருக்கும். மின்சாரம் நள்ளிரவில் வருகிறது என்றால் ஒன்று நீங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து மடை திருப்பப் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும். இரண்டாவதில் தண்ணீர் வரப்புத் தாண்டி ஓடுவதைப் பார்க்க ஆளிருக்காது. கைப்பேசியிலிருந்து மோட்டாரை நிறுத்தும் கருவி இதற்கு நல்ல தீர்வு. அதற்கு மானியமும் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வீடுகளுக்கும் குடிநீருக்கும் மின்சாரம் கொடுத்த பிறகே வயல்வெளிக் கம்பங்களின் முறை வரும். அது நியாயம்தான். ஆனால் கடலோர மாவட்டத்து உழவர் மின்சாரம் ஒன்றையே நம்பியிருக்கலாமா என்று யோசிக்க இது போதும்.

## சோலார் பம்ப்செட்

ஒன்றிய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019இல் தொடங்கியது. தனித்து இயங்கும் சோலார் பம்ப்செட்டுக்கு ஒன்றிய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் தருவது அதன் அடிப்படை. மீதி 40 சதவீதம் உழவர் பங்கு. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக இது நடக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரான சிறு, குறு உழவர்களுக்குக் கூடுதல் மானியம் உண்டு. ஒன்றிய அரசின் மானியம் 7.5 ஹெச்.பி. அளவுக்கானது, அதைவிடப் பெரிய பம்பு போட்டாலும் அந்த அளவுக்கு உரிய தொகையே கணக்கில் வரும். 5 ஹெச்.பி.க்கு உங்கள் பங்காக ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய் வரை எடுத்து வையுங்கள். எந்த வகைப் பம்பு, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து இது மாறும்.

சோலாரின் அருமை அதன் நேரம். வெயில் ஏறும்போது பயிருக்குத் தாகம் ஏறுகிறது, தண்ணீரும் கூடுதலாக வருகிறது. மழைக்காலத்தில் பேனல் தூங்கும். அப்போது உங்களுக்கும் இறைக்க வேண்டிய தேவை குறைவு. இரவில் தோட்டத்துக்குப் போகும் வேலை இல்லை. பெண்களே முன்னின்று விவசாயம் பார்க்கும் வீடுகளில் இது சிறிய விஷயமில்லை. ஊற்றுக் குறைந்த கிணற்றுக்கும் சோலார் பொருந்தும். மணிக்கு மூவாயிரம் லிட்டர் ஊறும் போரில் 10 ஹெச்.பி. மோட்டார் இறக்கி அரை மணிக்கொரு முறை வறண்டு நிற்பதைவிட, சிறிய பம்பு பகல் முழுதும் மெதுவாக இறைப்பது போருக்கும் நல்லது, மோட்டாருக்கும் நல்லது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே வேறு மாதிரி. முதலாவது நிழல். தென்னந்தோப்புக்காரர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். பேனல் வரிசையில் ஒரு மூலையில் மட்டை நிழல் விழுந்தாலே தண்ணீர் கண்ணெதிரே குறையும், ஏனென்றால் வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்று சோர்ந்தால் மற்றவையும் அதற்கேற்ப இறங்கும். இன்று குட்டையாக இருக்கும் கன்று பத்து வருடத்தில் எவ்வளவு உயரம் வளரும் என்று பார்த்து இடம் ஒதுக்குங்கள். 5 ஹெச்.பி.க்குப் பேனலின் பரப்பே 250 சதுர அடியைத் தொடும்; சுற்றிலும் விட வேண்டிய வெளி தனி.

இரண்டாவது பராமரிப்பு. பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்கிறார்கள். உண்மைதான், பேனல் எளிதில் கெடாது. கெடுவது கண்ட்ரோலரும் மோட்டாரும். திட்டத்தில் போட்டவற்றுக்கு நிறுவனமே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறாவது ஆண்டில் கண்ட்ரோலர் போனால் செலவு உங்களுடையது, தேடி அலைவதும் உங்களுடையது. மின்மோட்டார் எரிந்தால் பக்கத்து ஊர் வைண்டிங் கடைக்காரர் மறுநாள் கொடுத்துவிடுவார். கண்ட்ரோலரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் இன்னும் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே துறையின் பட்டியலிலிருந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேனலின் பெயரைப் பார்ப்பதைவிட, அந்த நிறுவனத்துக்கு உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, ஏற்கெனவே அவர்களிடம் வாங்கியவர் பழுது என்று கூப்பிட்டபோது எத்தனை நாளில் வந்தார்கள் என்று விசாரியுங்கள். வாங்கிய புதிதில் எல்லாரும் நன்றாகத்தான் சொல்வார்கள். மூன்று வருடம் ஓட்டியவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

மூன்றாவது திருட்டு. கேபிள் முதலில் போகும், பேனல் அடுத்து. வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கு இந்தக் கவலை குறைவு. ஆளில்லாத காட்டில் போடுபவர் வேலியையும் காவலையும் செலவில் சேர்க்க வேண்டும். காப்பீட்டில் திருட்டும் புயலும் இடியும் அடங்குமா என்று தாளைப் படித்துப் பாருங்கள்.

தூசு துடைப்பதைச் செலவென்று சொல்ல மாட்டேன், ஆனால் சாலையோரத் தோட்டத்தில் அதைச் செய்யாதவர்கள் ‘சோலார் முன்ன மாதிரி இழுக்கவில்லை’ என்று குறைபடுவதைக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில், பேனல் சூடேறும் முன், வெறும் தண்ணீரும் துணியும் போதும்.

இனி எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வி: சோலார் வாங்கினால் சர்வீஸ் மூதுரிமை, அதாவது வரிசையில் உங்கள் இடம், போகுமா? இந்த நிபந்தனை ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்திருக்கிறது. மூதுரிமையைத் துறக்கச் சொன்ன காலமும் உண்டு. துறக்க வேண்டாம், முறை வரும்போது சோலாரையும் மின்கட்டமைப்போடு இணைக்கச் சம்மதித்தால் போதும் என்று தளர்த்திய காலமும் உண்டு. நீங்கள் கையெழுத்திடும் தாளில் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். தரகர் வாய்ச்சொல்லை நம்பாமல், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் அந்த உறுதிமொழிப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சோலாரில் இன்னொரு வீணும் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகும் மழைக்காலத்திலும் சேர்த்து ஆண்டில் பல மாதம் பேனல் சும்மா வெயில் காயும். குஜராத்தில் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் ஆறு உழவர்கள் 2016இல் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். மின்சாரம் காசாகிறது என்றதும் தண்ணீரை வீணாக இறைக்காமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது தனி ஆளாகப் போய் வாங்கக்கூடிய பொருள் இல்லை. மின்வாரியம் முன்வந்தால்தான் நடக்கும். அதுவரை அதே கண்ட்ரோலரில் புல் வெட்டும் இயந்திரம், மாவு அரவை போன்றவற்றையும் ஓட்டும் வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள். மாடு வைத்திருப்பவருக்கு அது லாபம்.

## ஆயில் இன்ஜின்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 ஹெச்.பி. இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்து நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 550 ரூபாய். அறுபது நாளில் 33,000 ரூபாய். மூன்று நான்கு கோடையில் சோலாருக்கான உங்கள் பங்கு புகையாகப் போய்விடும். ஆயில் மாற்றுவது, நாசில், பெல்ட், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யத் தெம்புள்ள ஓர் ஆள் என்று மீதிச் செலவு இதற்கு மேல்.

ஆழத்துக்கும் இது ஆகாது. மேலே நின்று உறிஞ்சும் பம்பு நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுக்காது. அதற்காக இன்ஜினைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. புகை கிணற்றுக்குள்ளேயே தங்கும்; நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்க இறங்கியவரும் விழுவார். எந்தப் பயிரும் இதற்கு ஈடில்லை.

இருந்தும் காவிரிக் கடைமடையில் ஆயில் இன்ஜின் இல்லாத ஊரைப் பார்ப்பது கடினம். அங்கே தேவை வேறு. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, வயல் இரண்டடி மேட்டில் இருக்கிறது. அல்லது ஐப்பசி மழையில் நாற்று மூழ்கிவிட்டது, தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆண்டில் பதினைந்து இருபது நாள் வேலைக்காக, வரப்பில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்று வேண்டும். அதற்கு சோலாரும் உதவாது, கம்பமும் உதவாது. சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது அங்கே பலருக்குக் கட்டுப்படியாகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மின்வாரிய இணைப்பு | சோலார் | ஆயில் இன்ஜின் |
|---|---|---|---|
| கைக்கு வரும் காலம் | ஆண்டுக் கணக்கு. தட்கலில் குறைவு | மானிய ஒதுக்கீட்டைப் பொறுத்து மாதக் கணக்கு | அன்றைக்கே |
| முதல் செலவு (5 ஹெச்.பி.) | சாதாரண வரிசையில் மோட்டார், பொருத்துச் செலவு, தட்கலில் கூடுதலாக 2.5 லட்சம் | உங்கள் பங்கு 1 முதல் 1.5 லட்சம் | மூன்றிலும் குறைவு |
| ஓட்டும் செலவு | கட்டணம் இல்லை | இல்லை | மணிக்கு 90 ரூபாய்க்கு மேல் |
| 500 அடிக்கு மேல் | முடியும் | தண்ணீர் மிகக் குறைவு | முடியாது |
| நெல், வாய்க்கால் பாசனம் | ஏற்றது | ஆழம் குறைவாக இருந்தால் சிறு பரப்புக்கு | மேலோட்டத் தண்ணீர் இருந்தால் மட்டும் |
| சொட்டுநீர்த் தோட்டம் | ஏற்றது | மிக ஏற்றது | செலவு தாங்காது |
| பழுது பார்க்க ஆள் | உள்ளூரிலேயே | நிறுவனத்தைப் பொறுத்து | உள்ளூரிலேயே |
| புயலுக்குப் பிறகு | காத்திருக்க வேண்டும் | பேனல் தப்பினால் மறுநாளே | உடனே |
| முக்கிய இடர் | வோல்டேஜ், இரவுப் பாசனம் | நிழல், திருட்டு, கண்ட்ரோலர் | டீசல் விலை, புகை |

## யாருக்கு எது

திறந்த கிணறு, அல்லது கோடையிலும் 200 அடிக்குள் தண்ணீர் நிற்கும் போர். தென்னை, மா, முருங்கை, வாழை, காய்கறி என்று சொட்டுநீரில் போகக்கூடிய பயிர். ஐந்து ஆறு ஏக்கருக்குள் நிலம். நீங்கள் இப்படி இருந்தால் சர்வீஸுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. நிபந்தனைத் தாளைப் படித்துவிட்டு சோலார் போடுங்கள். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடைப் பயிரை இழக்கிறீர்கள். அந்த இழப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

பல்லடம், சூலூர்ப் பக்கம் போல ஆயிரம் அடி தாண்டிய போரில், ஓட்டும்போது தண்ணீர் அறுநூறு எழுநூறு அடிக்கு இறங்குகிறது என்றால் சோலார் விற்பவர் என்ன சொன்னாலும் பின்வாங்குங்கள். வரிசையில் இருங்கள், தட்கல் அறிவித்தால் பிடியுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: அந்தப் போர் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? நாலு லட்சம் கட்டிச் சர்வீஸ் வாங்கி, அதற்குள் தண்ணீர் இன்னும் இருநூறு அடி கீழே போய்விட்டால் பணம் கம்பத்தில் தொங்கும். அங்கே மழைநீரைத் தேக்கும் பண்ணைக்குட்டைக்கும் குறைந்த நீர்ப் பயிருக்கும் முதலில் செலவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. குட்டையில் தேங்கிய தண்ணீரை எடுக்க 3 ஹெச்.பி. சோலாரே அதிகம்.

இடைப்பட்ட ஆழத்தில், அதாவது 200 முதல் 500 அடி வரை இருப்பவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். பயிரை மாற்ற மனம் இருந்தால் சோலார், மஞ்சளும் கரும்பும் வாய்க்கால் பாசனத்தில்தான் செய்வேன் என்றால் சர்வீஸ். சோலார் போட்டாலும் நேராக வயலுக்கு விடாமல் ஒரு தரைமட்டத் தொட்டியில் சேர்த்து வைத்து, மறுநாள் காலையில் மொத்தமாகத் திறந்தால் மெல்லிய ஓட்டத்தின் குறை பெருமளவு தீரும். தொட்டிக்கான செலவை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

டெல்டாவில் ஆற்றுப்பாசனமும் ஆழமில்லாத குழாய்க் கிணறும் உள்ளவர்கள் நெல்லுக்குச் சர்வீஸ் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் வடிகாலுக்கும் மேட்டு வயலுக்கும் இன்ஜினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தென்னைப் படுகைக்கு மட்டும் சிறிய சோலார் போடலாம்.

கூட்டுக் கிணறு தனிச் சிக்கல். அண்ணன் பெயரில் சர்வீஸ், தம்பி முறைவைத்து இறைக்கிறார், முறை தவறினால் பஞ்சாயத்து. இந்த நிலையில் உள்ள தம்பி சோலார் போட விரும்பினால், கிணற்றில் தனக்குள்ள பங்கு பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மானிய விண்ணப்பத்துக்கு மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கிடைத்துவிட்டால் பகலில் சோலார் இவருக்கு, மின்சாரம் வரும் மற்ற நேரம் அண்ணனுக்கு என்று பிரித்துக்கொள்ள முடியும். கிணற்றின் ஊற்று இரண்டு மோட்டாரையும் தாங்குமா என்பதை மட்டும் வைகாசியில் ஒருமுறை சேர்ந்தே இறைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.